ஆடுகிற பிள்ளைக்குக் காசு கொடுத்ததால் பாசம் போய்விட்டதா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். விஷயம் கூடைப்பந்து. "டீச்சருக்கும் கூடைப்பந்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று சிரிக்க வேண்டாம். இது அட்மிஷன் சீசன். நம் சொந்தத்திலேயே இரண்டு பிள்ளைகளை, "எங்க காலேஜ் டீமுக்கு ஆடுங்க, ஃபீஸ் வேண்டாம்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டு சேர வேண்டும். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

இதே நேரத்தில் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அமெரிக்காவில் இருக்கும் மூன்று நான்கு பேர் ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். "டீச்சர், நான் எம்.எஸ். படிச்ச யுனிவர்சிட்டி டீமே எனக்கு அடையாளம் தெரியலைங்க. போன வருஷம் ஆடுன அஞ்சு பேர்ல நாலு பேர் வேற காலேஜ் போயிட்டாங்க. எல்லாம் காசுங்க. இனிமேல் யாருக்குன்னு கை தட்டறது?" என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர், "காலேஜ் ஆட்டம் செத்துப் போச்சுங்க டீச்சர்" என்று முடித்தே விட்டார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடுகிற பிள்ளைக்குப் பணம் கொடுப்பது தப்பில்லை. அந்தப் பிள்ளை இடம் மாறுவதும் தப்பில்லை. என்ன கொடுக்கிறோம், எதுவரைக்கும் கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுக்காமல் ஆட வைப்பதுதான் தப்பு. அந்தத் தப்பை நம் ஊரில் யாரும் தப்பாகவே நினைப்பதில்லை.

அமெரிக்கச் சங்கதி தெரியாத சொந்தங்களுக்காகக் கொஞ்சம் விவரம். அங்கே காலேஜ் கூடைப்பந்து என்பது நம் இன்டர்-காலேஜ் மேட்ச் மாதிரி ஹாஸ்டல் பிள்ளைகள் மட்டும் வந்து பார்க்கிற விஷயம் இல்லை. மார்ச் மாதம் 68 அணிகள், தோற்றால் வெளியே என்ற கணக்கில் ஆடும். நாடே உட்கார்ந்து பார்க்கும். நடத்துவது என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு. ஆண்கள் போட்டியை டிவியில் காட்டும் உரிமைக்கு 2025 முதல் 2032 வரையிலான எட்டு வருடத்துக்குப் பேசிய தொகை 880 கோடி டாலர். இவ்வளவு பணம் புரளும் இடத்தில், ஆடுகிற பிள்ளைகளுக்குப் பல காலமாகக் கிடைத்தது படிப்புச் செலவும் சாப்பாடும் தங்குகிற இடமும்தான். அதற்கு மேல் யாரிடமாவது கை நீட்டினால் ஆடத் தடை.

1995-ல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் சாம்பியன் ஆனபோது அந்த அணியின் நட்சத்திரம் எட் ஓபேனன். பல வருடம் கழித்து ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஒரு உருவம் ஆடுவதைப் பார்த்தார். கேம் விற்றவர்களுக்கு வருமானம், இவருக்கு ஒரு பைசா இல்லை. 2009-ல் வழக்குப் போட்டார். அந்த வழக்கு ஒரு கதவைத் திறந்தது. பிறகு 2021-ல் இன்னொரு வழக்கில், படிப்பு சம்பந்தமான உதவிகளுக்குக்கூட என்.சி.ஏ.ஏ. வரம்பு வைப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அதே வருடம் ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூலை முதல் காலேஜே நேரடியாகக் கொடுக்கலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு காலேஜுக்கு முதல் வருட வரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். நம் கணக்கில் 170 கோடி ரூபாய்க்கு மேல்.

இடம் மாறுவதும் அப்படித்தான் படிப்படியாகத் தளர்ந்தது. முன்பெல்லாம் கூடைப்பந்து ஆடுகிறவர் காலேஜ் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-ல் ஒரு முறை மட்டும் உட்காராமல் மாறலாம் என்றார்கள். 2024-ல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றார்கள். 2025-ல் ஆண்கள் முதல் பிரிவில் மட்டும் 2,000 பேருக்கு மேல் மாறுவதற்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். நம் பையன்கள் புலம்புவது இதைத்தான்.

புலம்பலில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் வருடம் பந்தைத் தவறவிட்டுத் திட்டு வாங்கிய பையன், நான்காம் வருடம் கேப்டனாக நிற்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சுகம் நன்றாகவே தெரியும். ஆறாம் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை எட்டாம் வகுப்பில் ஆண்டு விழா மேடையில் பேசும்போது வருவது அதுதான். வருடா வருடம் புது முகமாக வந்தால் அது கிடைக்காது. அந்த நஷ்டம் நிஜம்.

ஆனால் விசுவாசத்தை ஏன் ஆடுகிற பிள்ளையிடம் மட்டும் கேட்கிறோம்? கென்டக்கி பல்கலைக்கழகத்தில் 15 வருடம் கோச்சாக இருந்த ஜான் காலிபாரி 2024-ல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் போனார். கோச் மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்று அங்கே என்றைக்குமே விதி இருந்ததில்லை. அதே 2024-ல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகமே, தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த மேற்குக் கரைக் கூட்டமைப்பை விட்டுவிட்டு, டிவி வருமானம் அதிகம் கிடைக்கும் பிக் டென் கூட்டமைப்புக்குப் போனது. கோச் போனால் முன்னேற்றம், காலேஜ் போனால் வியூகம், 19 வயதுப் பையன் போனால் மட்டும் நன்றிகெட்டவனா? திருப்பூரில் ஒரு டெய்லர் பீஸ் ரேட் கூடக் கிடைக்கிறது என்று அடுத்த கம்பெனிக்குப் போனால் நாம் அவரை அப்படித் திட்டுவதில்லையே. பிழைக்கத் தெரிந்தவர் என்றுதானே சொல்கிறோம்?

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

கோயமுத்தூர் கூடைப்பந்து ஊர். வெளியூரில் இருக்கும் இளைய பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருக்கலாம். ஆண்களுக்கு நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை, பீளமேட்டில் பி.எஸ்.ஜி. கோப்பை. பக்கத்தில் கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுப் போட்டி. மதுரைப் பக்கம் போனால் பெரியகுளம். கோடை வந்தால் இந்தியாவின் நல்ல அணிகள் இந்தப் பக்கம் ஊர் ஊராக வந்து ஆடிவிட்டுப் போகும். நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையும் பி.எஸ்.ஜி. கோப்பையும் கரூர்ப் போட்டியும் அரை நூற்றாண்டைத் தாண்டியவை. கோப்பைகளின் பெயரைப் பார்த்தாலே தெரியும், இந்த ஊரின் மில்லும் மோட்டாரும் பம்ப்செட்டும் வளர்த்த ஆட்டம் இது.

அங்கே நாம் யாருக்குக் கை தட்டினோம் என்று நினைத்துப் பாருங்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே, கேரள மின்வாரியம், ராணுவம், கடற்படை. இதில் எது நம் ஊர்? மேட்ச் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த வங்கியில் கணக்கே இருந்திருக்காது. ஆனாலும் "ஐ.ஓ.பி., ஐ.ஓ.பி." என்று கத்தினோம். நன்றாக ஆடினார்கள், கத்தினோம். கிரிக்கெட்டிலும் அதே கதைதான். ராஞ்சிக்காரர் ஒருவரை ஏலத்தில் எடுத்து 'தல' என்று கூப்பிட்டோம். சென்னை அணிக்கு 2016, 2017 இரண்டு வருடம் தடை வந்தபோது அவர் புனேவுக்கு ஆடினார். திரும்பி வந்ததும் நாம் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. பாசம் சொந்த ஊர்க்காரரிடம் மட்டும்தான் வரும் என்பது நம் அனுபவத்துக்கே ஒத்துவராத பேச்சு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வங்கி, ரயில்வே அணிகளில் ஆடியவர்கள் சும்மா ஆடவில்லை. ஆட்டத்துக்காகக் கிடைத்த வேலையில் இருந்தார்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., பென்ஷன். கால் வலுவிழந்து ஆட்டம் நின்ற பிறகும் வேலை இருந்தது. சென்னையில் பிறந்து இந்திய அணிக்குக் கேப்டனாகி 2021-ல் பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் இருப்பவர். காசு வாங்கிக்கொண்டு ஆடியதால் அவர் ஆட்டத்தில் உண்மை குறைந்துவிட்டதா? ஆடுகிறவருக்கு ஊதியம் என்பது நமக்கு அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சமாச்சாரம் இல்லை. நம் ஊரில் அதற்கு வேலை என்று பெயர், அவ்வளவுதான்.

ஆனால் அந்த வேலைகள் குறைந்துகொண்டே வருகின்றன. வங்கிகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. நல்ல கூடைப்பந்து அணி வைத்திருந்த விஜயா வங்கி 2019-ல் பேங்க் ஆஃப் பரோடாவோடு சேர்ந்துவிட்டது. இரண்டு வங்கி ஒன்றானால் அணியும் ஒன்றுதானே? அதனால் இன்றைக்கு ஆடுகிற பிள்ளைக்குக் கைக்கு எட்டுகிற பலன் என்றால் அது காலேஜ் சீட்தான். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 இடம். அதற்கு வெளியே தனியார் காலேஜ்கள் தாங்களாகவே கூப்பிட்டுக் கொடுக்கிற சீட், ஹாஸ்டல், மெஸ், ஷூ. பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கே இந்த ஆள் பிடிப்பு ஆரம்பித்துவிடுகிறது. கிராமத்துப் பள்ளியில் உயரமாக ஒரு பெண் பந்தைத் தட்டினால், டோர்னமெண்ட் முடிவதற்குள் டவுன் பள்ளிக்காரர் வந்து அப்பாவிடம் பேசிவிடுகிறார்.

இதுவும் ஊதியம்தான். நான்கு வருட ஃபீஸையும் ஹாஸ்டலையும் கூட்டிப் பாருங்கள், எத்தனை லட்சம் வருகிறது என்று. நான் அதைக் குறை சொல்லவில்லை. விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகள் பந்தைப் பிடித்துக்கொண்டு இன்ஜினியரிங் முடித்து வெளியே வந்ததை நானே பார்த்திருக்கிறேன். குறை வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் இதை ஊதியம் என்று ஒப்புக்கொண்டார்கள், அதனால் கணக்கு வந்தது, ஒப்பந்தம் வந்தது, வக்கீல் வந்தார். நம் ஊரில் இதை உதவி என்கிறோம். உதவி என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது. "இவ்வளவு பண்ணியிருக்கோம், இன்னும் என்னங்க வேணும்?" என்பார்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண். பெயரும் வேண்டாம், காலேஜ் பெயரும் வேண்டாம். கூடைப்பந்துக்காக ஒரு காலேஜில் ஃபீஸ் இல்லாமல் சேர்ந்தாள். வாய் வார்த்தைதான். காலை 5.30-க்கு கிரவுண்ட், சாயங்காலம் இருட்டும்வரை கிரவுண்ட். டோர்னமெண்ட்டுக்குப் போனால் ஓ.டி. போட்டு அட்டெண்டன்ஸ் கொடுத்துவிடுவார்கள். ஆனால் தவறிப்போன பாடத்தை யாரும் நடத்தவில்லை. இரண்டாம் வருட முடிவில் நான்கு அரியர். அடுத்த மாதமே முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் செலவு அப்பா தலையில். மூன்றாம் வருட ஆரம்பத்தில் ஹாஸ்டல் ஃபீஸ் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. "நீங்க ஃப்ரீன்னு சொன்னீங்களே" என்றதற்கு, "ஆடுறவங்களுக்குத்தான் ஃப்ரீ" என்று பதில். வேறு காலேஜுக்குப் போகலாம் என்றால் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஆபீஸில். அவள் அப்பா எருமையை விற்றுப் பணம் கட்டினார். அந்தப் பெண் அரியரை எல்லாம் எழுதி முடித்து இன்று ஒரு நல்ல கம்பெனியில் இருக்கிறாள். இதையும் அவளிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க டீச்சர், அடுத்த பிள்ளைங்களுக்காவது தெரியட்டும்" என்றாள்.

அங்கே பிள்ளைகள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது பிரச்சினை. இங்கே மாற வேண்டிய பிள்ளை மாற முடியாமல் மாட்டிக்கொள்கிறது. இரண்டில் எது பெரிய கஷ்டம் என்று அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் யோசிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மாணவரின் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் காலேஜ் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்துவிட்டது. பள்ளியிலும் ஃபீஸ் பாக்கியை வசூலிக்க டி.சி.யை ஒரு கருவியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. கவுண்டரில் நின்று கெஞ்சத் தேவையில்லை. இதை எடுத்துச் சொல்லிக் கேட்கலாம்.

எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் விளையாட்டு வீரருக்கு வருடத்துக்கு 6 லட்சத்து 28 ஆயிரம் ரூபாய் என்று கணக்கு. அதில் மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு. சரியாக ஆடாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவும் செய்வார்கள். ஆனால் தொகை என்ன, விதி என்ன என்று வெளிப்படையாக இருக்கிறது. அமெரிக்காவிலும் பெரிய கூட்டமைப்புகளைச் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் 2015-ல் ஒரு விதி கொண்டுவந்தன. சரியாக ஆடவில்லை என்ற காரணத்துக்காக ஒரு மாணவரின் ஸ்காலர்ஷிப்பை நிறுத்தக் கூடாது என்று. நம் காலேஜ்கள் அங்கேயிருந்து காப்பி அடிப்பதாக இருந்தால் இதை முதலில் அடிக்கட்டும்.

ஆகவே, சீட் கொடுக்கிறார்கள் என்று சந்தோஷமாகக் கிளம்பும் பெற்றோர்களே, சேருவதற்கு முன் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், எக்ஸாம் ஃபீஸ் இதில் எதெல்லாம் ஃப்ரீ? எத்தனை வருடத்துக்கு? காலேஜ் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு கொடுங்கள்.

2. அடிபட்டு ஆட முடியாமல் போனால் சீட்டும் ஹாஸ்டலும் படிப்பு முடியும்வரை தொடருமா? வைத்தியச் செலவு யாருடையது? இன்சூரன்ஸ் இருக்கிறதா?

3. போட்டிக்குப் போன நாட்களில் தவறிய பாடத்தை, லேபை, இன்டர்னல் தேர்வைத் திரும்ப வைப்பார்களா? யார் பொறுப்பு?

4. ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை எப்போது திருப்பிக் கொடுப்பார்கள்?

5. இதே டீமில் ஆடி முடித்த சீனியர் இரண்டு பேரின் போன் நம்பர் கிடைக்குமா? இந்தக் கேள்விக்கு மழுப்பினால் மற்ற நான்குக்கும் வந்த பதிலைச் சந்தேகப்படுங்கள்.

"இப்படியெல்லாம் கேட்டா சீட் தர மாட்டேன்னு சொல்லிட்டா என்னங்க பண்றது?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நியாயமான பயம். ஆனால் நல்ல ஆட்டக்காரப் பிள்ளையை இந்த ஊரில் ஒரு காலேஜ் மட்டும் கூப்பிடுவதில்லை. கேட்டதற்கே கோபிக்கிற இடம், கால் உடைந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்று நீங்களே யோசியுங்கள். எழுதிக் கொடுக்கிற காலேஜும் இங்கே இருக்கிறது. அதைத் தேடிப் போவதற்குப் பெயர்தான் அமெரிக்காவில் டிரான்ஸ்பர்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை, கண்ணுகளா. எழுதி வாங்கினால் நீங்களும் எழுதிக் கொடுத்தவர்கள் ஆகிறீர்கள். நடு சீசனில், டீமை அம்போவென்று விட்டுவிட்டுப் போகக் கூடாது. மாறுவதாக இருந்தால் வருடம் முடித்து, கோச்சிடம் நேரில் சொல்லிவிட்டு மாறுங்கள். அப்புறம், படிப்பு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு நம் மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் டிகிரி கேட்கும் வேலைக்குக் கையில் டிகிரி இல்லாமல், அரியர் பட்டியலை வைத்துக்கொண்டு விண்ணப்பம் போட முடியாது.

கடைசியாக, "ஆட்டம் செத்துப் போச்சு" என்று எழுதிய பையனுக்கு. 2024 ஏப்ரலில் பெண்கள் காலேஜ் கூடைப்பந்து இறுதிப் போட்டியை அமெரிக்காவில் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த வருட ஆண்கள் இறுதிப் போட்டிக்குக் கிடைத்தது 1 கோடியே 48 லட்சம். பெண்கள் ஆட்டத்தை அத்தனை பேர் பார்த்ததற்கு ஒரு பெரிய காரணம் அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க். பெரிய பெரிய கம்பெனி விளம்பரத்தில் நடித்துச் சம்பாதித்த பெண். மாறுவதற்குத் தடை தளர்ந்த காலத்தில், நான்கு வருடமும் சொந்த மாநிலத்துக் காலேஜிலேயே ஆடினார். இறுதிப் போட்டியில் சவுத் கரோலினாவிடம் தோற்றார், ஆனாலும் கூட்டம் அவரை விட்டுப் போகவில்லை. காசும் வந்தது, பாசமும் இருந்தது. போக வழி இருந்தும் ஒருவர் தங்கினால்தானே அதற்குப் பெயர் விசுவாசம்?

அங்கே இருப்பவர்கள் கோபித்துக்கொண்டு டிவியை அணைக்காதீர்கள். புதிதாக வந்த பையன் பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் 40 புதுப் பெயர் கற்றுக்கொண்டவள் சொல்கிறேன், இரண்டு வாரத்தில் பழகிவிடும். இங்கே இருப்பவர்கள் அடுத்த டோர்னமெண்ட்டுக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெண்கள் மேட்ச் நடக்கும்போதும் போங்கள், அப்போதுதான் கேலரி காலியாக இருக்கிறது. கம்பெனி நடத்துகிற நம் மாணவர்கள் கொஞ்சப் பேர் இருக்கிறீர்கள். ஆடி முடித்த பிள்ளை வேலை கேட்டு வந்தால் சர்டிபிகேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைக்காதீர்கள். பத்து வருடம் காலை 5.30-க்கு எழுந்த பிள்ளை அது.

யாருக்காவது காலேஜிலிருந்து லெட்டர் வந்திருந்தால், புரியாத இடம் இருந்தால், போட்டோ எடுத்து எனக்கு மெசேஜில் அனுப்புங்கள். சிவப்பு மையில் திருத்தியே பழகிய கை, வரி வரியாகப் படித்து எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள், ஆனால் ஆடுகிற பிள்ளைகளைத் திட்ட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்